முன்மேசையில் புள்ளி கேட்டவர்கள்

குடிவரவு அலுவலகத்தின் முன்மேசைக்கு நல்ல செய்தி கேட்க ஒருவரும் வருவதில்லை. நல்ல செய்தி தபாலில் நேரே வீட்டுக்குப் போய்விடும். எங்களிடம் வருகிறவர்கள் ஒன்றும் தெரியாமல் தவிக்கிறவர்கள், அல்லது தெரிந்ததை நம்ப முடியாதவர்கள். எழுபதுகளின் கடைசியில் சிட்னியில் அந்த மேசைக்குப் பின்னால் நான் இருந்தேன். உங்களில் சிலர் அதற்கு முன்னால் நின்றிருப்பீர்கள். கால்வலி இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

முன்பெல்லாம் ஓர் அதிகாரி ஆளைப் பார்த்து, பேசி, மனதில் பட்டதை எழுதுவார். பிறகு புள்ளி முறை வந்தது. செய்கிற தொழிலுக்கு இங்கே தேவை இருந்தால் புள்ளி. ஆங்கிலம் தெரிந்தால் புள்ளி. சொந்தக்காரர் இங்கே இருந்தால் புள்ளி. புது நாட்டில் சமாளித்துக்கொள்வார் என்று நேர்முகத்தில் அதிகாரிக்குத் தோன்றினால் அதற்கும் புள்ளி. கணவன் மனைவிக்கும் சிறு பிள்ளைகளுக்கும் வயதான பெற்றோருக்கும் இந்தக் கணக்குத் தேவையில்லை, மற்றவர்கள் எல்லாரும் குறித்த எல்லையைத் தொடும் அளவுக்குப் புள்ளி கூட்டித்தான் வரவேண்டும். இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் பொறுத்திருக்க மாட்டார்கள். பாதியிலேயே தம்பிக்கு எவ்வளவு வரும் என்று கேட்டுவிடுவார்கள்.

பி.ஏ.யும் வெல்டரும்

சிவநேசன் சிட்னி ஹோம்புஷில் இருந்த எஞ்சினியர். இலங்கையில் அவருக்கு இரண்டு தம்பிமார். ஒருவர் பேராதனையில் படித்த பி.ஏ. பட்டதாரி. மற்றவர் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் திருகோணமலையில் ஒரு கராஜில் வெல்டராக இருந்தார். பட்டதாரித் தம்பியை இங்கே எடுப்பிக்க வேண்டும் என்று வந்தவர், பேச்சுவாக்கில்தான் மற்றவரைப் பற்றிச் சொன்னார். அதுவும் குரலைத் தாழ்த்தி.

நான் இரண்டு பேருக்கும் கூட்டிப் பார்த்தேன். வெல்டருக்கு இங்கே அவ்வளவு தேவை இருந்தது. ஆங்கிலம் கொஞ்சம் குறைவென்றாலும் அவர் எல்லையைத் தாண்டி நின்றார். பட்டதாரி பக்கத்தில்கூட வரவில்லை. சிவநேசன் தாளைத் தன் பக்கம் திருப்பி, எஞ்சினியர் அல்லவா, தானே மறுபடி கூட்டினார். அதே விடைதான் வந்தது. வெல்டர் தம்பியோடு பல வருடமாகக் கதை பேச்சில்லை என்பது அப்போதுதான் வெளியே வந்தது. அவரிடம் இப்போது எந்த முகத்தோடு போய் வா என்று கேட்பது என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பின்னால் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது, அவருக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பும்போது சொன்னார்:

"படிச்சவனை வேண்டாமெண்டு சொல்லுற நாட்டிலையோ தங்கச்சி நான் இவ்வளவு நாளும் இருந்தனான்?"

மாமாவின் படிப்பு

ராமநாதன் மதுரைக்காரர். பரமட்டாவில் ஒரு கம்பெனியில் வரைபடம் போடும் வேலை. தன் அக்காவின் கணவரை இங்கே கொண்டுவரவேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த மாமா துணிக்கடையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர். துணிக்கடைக் கணக்குக்கு இங்கே தேவை இல்லை என்று நான் சொன்னதும் ராமநாதன் தேவைப்படும் தொழில்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் போனார். அதில் பிரிட்ஜ் மெக்கானிக் இருந்தது. மாமா துணிக்கடையை விட்டுவிட்டு, தெரிந்த ஒருவரின் பட்டறையில் பிரிட்ஜ் ரிப்பேர் கற்கப் போய்விட்டார். கற்றால் மட்டும் போதாது, வேலை செய்த அனுபவமும் வேண்டும் என்று நான் எச்சரித்தேன். அவர்களுக்கு அது காதில் ஏறவில்லை.

அந்தப் பட்டியல் சும்மா இருக்கிற பட்டியல் அல்ல. இங்கே ஒரு தொழிலுக்கு ஆள் நிறைந்துவிட்டால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவார்கள். மாமா கையில் தழும்போடு வேலை பழகி முடிக்கிற நேரத்தில் பிரிட்ஜ் மெக்கானிக் அதிலிருந்து போய்விட்டது. ராமநாதன் வந்ததும் இதைச் சொல்லாமல் நான் தேநீருக்கு எழுந்து போனேன். குடித்துவிட்டு வந்துதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஊருக்குத் தெரிவித்துவிட்டு மறுபடியும் வந்தார். மாமாவின் பதிலைக் கொஞ்சமும் சிரிக்காமல் அப்படியே சொன்னார்:

"அடுத்த தடவ என்ன தொழில் போடப்போறாங்கன்னு மேடத்துக்கிட்ட கேட்டுச் சொல்லு, அத நான் இப்பவே கத்துக்க ஆரம்பிக்கறேன்னு சொல்றார் மேடம்."

பயிற்சி நாள்

புது முறையைச் சரியாகப் பழக்குவதற்காக மெல்பேர்னிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். இல்லாத ஒரு மனிதனைப் பற்றிய விபரத்தை எங்கள் எல்லாருக்கும் கொடுத்தார். கற்பனை மனிதன்தான், ஆனால் வயது, தொழில், குடும்பம், நேர்முகத்தில் சொன்ன பதில் எல்லாம் இருந்தன. அவன் இங்கே சமாளிப்பானா என்று ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளி போடவேண்டும். போட்டோம். சேர்த்துப் பார்த்தால் ஒருவர் போட்டதற்கும் மற்றவர் போட்டதற்கும் சம்பந்தமே இல்லை. சிலர் கணக்கில் அவன் வந்துவிட்டான், சிலர் கணக்கில் நின்றுவிட்டான். பழகப் பழகச் சரியாகிவிடும் என்றார் பயிற்சியாளர்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரயிலில் எதிரே இருப்பவரைப் பார்த்தாலும், வீட்டுக்குச் சாப்பிட வந்தவரைப் பார்த்தாலும், இவர் சமாளிப்பாரா என்று மனம் தன்பாட்டில் புள்ளி போட்டது. கறியை எடுத்து வைக்காமல் விருந்தாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று என் கணவர் ஒருநாள் குறைப்பட்டார். அந்தப் பயிற்சியில் எல்லாரிலும் குறைவாகப் போட்டவள் என் பக்கத்து மேசை மொறீன். நல்ல மனசுக்காரி, கிழவர்களைக் கண்டால் எழுந்து போய்க் கதிரை கொடுப்பவள். ஏன் அப்படிக் குறைத்தாய் என்று தேநீர் வேளையில் கேட்டேன். பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி சொன்னாள்:

"காலையில் வீட்டுக்காரனோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன், அன்றைக்கு யாரைப் பார்த்தாலும் எனக்கு அப்படித்தான் தோன்றியது."

பணிவு

புஷ்பம் ஓர் ஆஸ்பத்திரித் தாதி. இரவு வேலை முடித்த கையோடு, உடுப்புக்கூட மாற்றாமல் எங்கள் கதவு திறக்கும் நேரத்துக்கு வந்து நிற்பாள். அவளுடைய தம்பி ரவீந்திரன் இலங்கை மலைநாட்டில் விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர். எழுபத்தேழுக் கலவரத்தில் அங்கே தமிழர் வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது எல்லாவற்றையும் விட்டு யாழ்ப்பாணம் போனவர். அவருடைய புள்ளி எல்லையில் தொட்டுக்கொண்டு நின்றது. மீதி எல்லாம் கொழும்பு நேர்முகத்தில்.

அதில் அவர் தவறிவிட்டார். ஆசிரியர் வேலை கிடைக்காவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஐயா சொல்வதைச் செய்வேன் என்று நிலத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எங்கே இருப்பாய் என்றதற்கு, அக்கா பார்த்துக்கொள்ளுவா என்றாராம். தானாக ஒன்றும் செய்யமாட்டாத ஆள் என்று அவர்கள் புள்ளியைக் குறைத்துவிட்டார்கள். வாயைத் திறந்து பெரிதாகக் கதைக்காதே, அடக்கமாக இரு என்று சொல்லியனுப்பியது புஷ்பம்தான். மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே ஒரு கதை சொன்னாள். கலவர நாளில் இந்தத் தம்பிதான் பள்ளி விடுதிப் பிள்ளைகளை ஒரு மரக்கறி லொறியில் ஏற்றி, சாரதிக்குப் பக்கத்தில் தான் இருந்து, வழிமறித்தவர்களிடம் சிங்களத்தில் பேசி, ஒரு பிள்ளைக்கும் காயமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவராம். இதை ஏன் நேர்முகத்தில் சொல்லவில்லை என்று கேட்டேன். அவர்கள் கேட்கவில்லையே என்றாள்.

திரும்ப விண்ணப்பிக்கலாம் என்று ஆறுதல் சொல்லி அனுப்பினேன். அடுத்த நேர்முகத்தில் அவர் லொறிக் கதையைச் சொன்னார். சில மாதம் கழித்து அக்காவும் தம்பியும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். மெலிந்த, உயரமான மனிதர், மேலே யாரோ பெருத்த ஆளின் கோட்டு. நான் வாழ்த்துச் சொன்னபோதும் நிலத்தைப் பார்த்தபடியே எனக்குச் சொன்னார்:

"பிள்ளையளைக் காப்பாத்தினதைச் சொல்லி நான் இடம் வாங்கிப்போட்டன் எண்டு நினைக்க இன்னும் கூச்சமாக் கிடக்கு, அக்கா."

தங்கச்சி

என் தங்கச்சி மலர் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தாள். அப்பாவோடு இருந்தாள், அம்மா இல்லை. இரண்டு பேரையும் எடுப்பிக்க விண்ணப்பம் போட்டோம். சொந்தக்காரரின் விண்ணப்பத்தை நான் தொடக்கூடாது என்பது அலுவலக விதி. அதனால் அவளுடையதை வேறொரு மாடியில் வேறொருவர் பார்த்தார். நான் மேசையில் ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு, மின்தூக்கி திறக்கும்போதெல்லாம் தலையைத் திருப்பினேன். அவளுக்குப் புள்ளி தாராளமாக வரும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்கோ புள்ளியே வேண்டாம். நிம்மதியாக இருந்திருக்கலாம்தான், இருக்க முடியவில்லை.

அப்பாவின் நெஞ்சை நான் மறந்துவிட்டேன். புள்ளி வேண்டாதவர்களுக்கும் வைத்தியப் பரிசோதனை உண்டு. அவருடைய எக்ஸ்ரேயில் பழைய சயரோகத் தழும்பு இருந்தது. மலருக்குச் சரி, அப்பாவுக்கு இல்லை என்று முடிவு வந்தது. ட்ரங்க் கோல் போட்டு ஆஸ்பத்திரியில் அவளைப் பிடித்தேன். முதலில் நீ வா, இங்கிருந்து அப்பாவுக்கு முறையீடு செய்வோம், எனக்கு வழி தெரியும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். முறையீட்டுக்கு எவ்வளவு காலம் எடுக்கும் என்று கேட்டாள். மேசையில் தினமும் அந்தக் கேள்விக்குச் சொல்கிற பதிலையே அவளுக்கும் சொன்னேன்: இவ்வளவு என்று சொல்ல முடியாது, காலம் எடுக்கும். பிறகு அவள் சிரித்தமாதிரி இருந்தது.

"அக்கா, நான் பாஸ், அப்பா பெயில், பாஸான ஆள் பெயிலான ஆளைப் பாத்துக்கொள்ளட்டும், நீங்கள் போனை வையுங்கோ."

இத்தனை பேரையும் பார்த்த பிறகு எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: யார் வரலாம் என்பதை ஓர் அரசாங்கம் கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறது, யார் வருவார் என்பதுதான் அந்தக் கூட்டலில் வருவதில்லை.