சவரத்துக்குப் பின் பூசும் நறுநீரும் எங்கள் வீட்டுக் குளியலறையும்

இதை எழுதி வைக்க வேண்டியதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது பொதுநலம் சார்ந்தது. சந்தனம், அகில், மல்லிகை, மழை விழுந்த மண் என்று மணங்களைப் பாடி அலுக்காத நம் மொழியில், முடிதிருத்தகத்தில் சவரம் முடிந்ததும் இரு கன்னங்களிலும் அறைவது போலப் பூசப்படும் நறுநீரைப் பற்றி ஒரு பத்தியேனும் எழுதியவரை நான் அறியேன். ஆண்மக்கள் அதைப் பூசிக்கொண்டு தெருவெல்லாம் திரிகிறார்கள். எழுத அமர்ந்தால் மட்டும் தாழம்பூவுக்குத் தாவிவிடுகிறார்கள். இரண்டாவது காரணம் தற்காப்பு. சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததை என் மனைவி அல்சூர் முழுவதும் தன் போக்கில் சொல்லி வருகிறாள். அவள் சொல்லும் கதையில் நான் ஒரு மனிதனாகக்கூட வருவதில்லை, ஒரு நாற்றமாக வருகிறேன். என் தரப்பும் எங்கேனும் பதிவாக வேண்டும்.

எங்கள் முன்னோர் அரசுப் பணியின் பொருட்டு வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து இங்கு வந்தவர்கள். வந்த இடத்தில் நிலத்தை விட்டோம், குடுமியை விட்டோம், பேச்சில் பாதியைக் கன்னடத்துக்கு விட்டோம். ஒன்றை மட்டும் விடவில்லை. முடிதிருத்தகம் சென்று வரும் ஆண், குளிக்காமல் வீட்டில் எதையும் தீண்டலாகாது. பழைய வீடுகளில் இதற்குப் பின்வாசல் இருந்தது. நாங்கள் இப்போது வாழ்வது ஏரிக்கரைக்கு அருகில் ஓர் அடுக்ககத்தின் இரண்டாம் மாடியில். அங்கே இருப்பது ஒரே வாசல். ஆகவே நான் அழைப்பு மணியை முழங்கையால் அழுத்துவேன். மனைவி கதவைத் திறந்து, முந்தானையால் மூக்கைப் பொத்தி, பின்னோக்கி நடந்தபடியே நாற்காலியை ஒதுக்கி, திரைச்சீலையைத் தூக்கி, குளியலறைக் கதவைத் திறந்து வைப்பாள். அமைச்சர் ஒருவருக்குக்கூட யாரும் இப்படி வழிவிடுவதில்லை. அவருக்கு அது மரியாதை. எனக்கு அது தீட்டு.

இந்த ஏற்பாட்டில் ஒரு பெருங்குறை இருந்ததை நான் நெடுங்காலம் உணரவில்லை. நறுநீரின் ஆயுள், முடிதிருத்தகத்தில் தொடங்கி எங்கள் குளியலறையில் முடிந்தது. என் கன்னத்து மணத்தை முகர்ந்தவர்கள் ஆட்டோ ஓட்டுநர்கள், கோயில் தெருப் பூக்காரி, மின்தூக்கியில் உடன் ஏறிய அந்நியர்கள். கட்டிய மனைவி ஒருத்திதான் அதை அறியாதவள். அவளுக்கு நான் மைசூர்ச் சந்தன சோப்பின் மணமுள்ள கணவன், அவ்வளவே.

அவளுடைய மூக்கோ சாமானிய மூக்கன்று. பெருமாளுக்குப் படைக்கும் முன் எதையும் நாவில் இட்டுப் பார்ப்பது எங்கள் வீட்டில் இல்லை. எனவே உப்பு, புளி, காரம் யாவற்றையும் ஆவியை முகர்ந்தே தீர்மானிப்பாள். பாத்திரத்தின் மேல் குனிந்து கண்ணை மூடி, “இன்னும் ஒரு சிட்டிகை உப்பு” என்பாள். போட்டால் சரியாக இருக்கும். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அவள் படைக்கும் புளியோதரைக்குக் கன்னடர், மலையாளி, மார்வாடி என்ற பேதமின்றி அடுக்ககமே டப்பாவோடு வந்து நிற்கும். பெருமாளுக்கு ஏழுமலை என்றால் அவளுக்கு அந்த மூக்கு. வருமானம் இரண்டுக்கும் ஒப்பிடத் தக்கதன்று. பக்தர்களின் தள்ளுமுள்ளு ஒன்றேதான்.

சென்ற ஆடியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போயிற்று, போகும்போது மணத்தையும் கையோடு கொண்டுபோயிற்று. முதலில் நாங்கள் பொருட்படுத்தவில்லை. ஒருநாள் பால் பொங்கி, தீய்ந்து, கருகி, எதிர்வீட்டார் வந்து கதவைத் தட்டினார்கள். அவள் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அமைதியாக வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள். அன்றிலிருந்து அடுப்படி என் வசமாயிற்று. நான் வைத்த ரசத்தைப் பற்றி அவள் ஒரு குற்றமும் சொல்லவில்லை. எனக்குக் கிலி பிடித்தது அப்போதுதான்.

காது மூக்குத் தொண்டை மருத்துவர் இளம்பெண். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, நீலகிரித் தைலம் ஆகியவற்றைத் தனித்தனி டப்பாவில் இட்டுக் காலையும் மாலையும் முகர்ந்து பழக வேண்டும் என்றார். நரம்பு மீளலாம், நாளாகலாம், மீளாமலும் போகலாம். என் மனைவி சொன்னபடி செய்தாள். சில வாரங்களில் டப்பாக்களை மூடி ஓரமாக வைத்துவிட்டாள்.

“கிராம்பு ஆணி மாதிரி இருக்கு. எலுமிச்சம்பழம் பந்து மாதிரி இருக்கு. பார்க்கிறதுக்கு எதுக்குங்க மூக்கு? கண்ணே போதும்.”

“பயிற்சியை இடையில் கைவிடலாகாது.”

“புரட்டாசிக்குப் புளியோதரை வேணாம். இந்த வருஷம் கடையில வாங்கி வெச்சுடலாம்.”

கடையில் வாங்கிய புளியோதரையை ஒரு முறை முகர்ந்துவிட்டுக் காக்கைக்கு வைத்தவள் அவள்.

அந்த வாரம் நான் முடிதிருத்தகம் போய் வந்தேன். முழங்கையால் மணியை அழுத்தினேன். அவள் கதவைத் திறந்தாள். நாற்காலியை ஒதுக்கவில்லை, திரையைத் தூக்கவில்லை. போய்த் தொலைக்காட்சியின் முன் அமர்ந்துகொண்டாள். நான் வாசலில் கைகளை உயர்த்தியபடி, பிடிபட்ட திருடனைப் போல நின்றேன்.

“குளிக்க வேண்டாமா?” என்று நானே கேட்டேன்.

“உங்க இஷ்டம்.”

எங்கள் குலத்தில் எவனும் செய்யாததை அன்று செய்தேன். கழுத்தில் மயிர்த்துணுக்குகளுடன் சோஃபாவில், அவள் பக்கத்தில் அமர்ந்தேன். வானம் இடிந்து விழவில்லை. சற்று நேரம் கழித்து அவள் தலையைத் திருப்பினாள்.

“மூஞ்சில என்ன தடவியிருக்கீங்க? சில்லுனு ஏறுது.”

நான் கன்னத்தை நீட்டினேன். அவள் குனிந்து மூச்சை இழுத்தாள். திருமணமான நாளிலிருந்து அன்றுவரை இப்படி ஒரு காட்சி எங்கள் கூடத்தில் பட்டப்பகலில் நிகழ்ந்ததில்லை. மறுநாளே மருத்துவரிடம் ஓடினோம். அவர் புன்னகைத்து, குளிர்ச்சியை உணர்த்தும் நரம்பு வேறு, மணத்தை உணர்த்தும் நரம்பு வேறு என்று விளக்கினார்.

“அதாவது கரண்ட் இருக்கு, போன் லைன் இல்ல,” என்றாள் என் மனைவி.

ஆயினும் எனக்கு ஒரு பற்றுக்கோடு கிடைத்துவிட்டது. கிராம்புக்கு மசியாத மூக்கு, முடிதிருத்தகத்து நறுநீருக்கு முகமாவது கொடுத்தது. அங்குள்ள மணங்கள் அனைத்தையும் வரிசையாக என் கன்னத்தில் ஏற்றிவந்து அவள் முன் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். புட்டியையே வாங்கி முகரலாமே என்பீர்கள். அவளிடம் இன்னொரு டப்பாவை நீட்ட எனக்குத் துணிவில்லை. கன்னமானால் மூடி ஓரமாக வைக்க முடியாது.

முடிதிருத்துநர் ஐம்பது வயதினர். பிறந்தது முதல் அல்சூர். கண்ணாடிக்குக் கீழே நான்கு புட்டிகள் வைத்திருந்தார். நீலம் நான் முன்பே பூசியது. கற்பூரத்தை விழுங்கிய பனிக்கட்டி. பச்சை எலுமிச்சை வகை. ஆனால் மரத்தில் காய்த்ததன்று, வேதியியல் படித்துப் பட்டம் பெற்ற எலுமிச்சை. மஞ்சளில் சந்தனம், சந்தனக்காப்பு கலைத்து இரண்டு நாளாகியும் கழுவாத சந்நிதியை நினைவூட்டுவது. வெள்ளை, பால்போல் கலங்கிய பன்னீர். மண்டப வாசலில் பன்னீர் தெளிக்கும் பெண் கைசளைத்துத் தூங்கிவிட்ட பின் செம்பில் எஞ்சுவது. நான்கையும் அவர் துபாய்ச் சரக்கு என்றே சொன்னார்.

இடர் என்னவென்றால், மணம் மாற்றச் சவரம் வேண்டும். சவரத்துக்கு மயிர் வேண்டும். என் வயதில் அது விரைந்து முளைப்பதில்லை.

“இன்னா சார், நேத்துதானே பண்ணோம்? ஒண்ணுமே இல்லியே, வழுக்குது,” என்றார்.

“இருப்பதை எடுங்கள். பிறகு மஞ்சளைப் பூசுங்கள்.”

“நேத்து பச்சை, இன்னிக்கு மஞ்சளா?” கத்தியைத் தீட்டுவதை நிறுத்திக் கண்ணாடிக்குள் என்னைப் பார்த்தார். “சார், தப்பா நெனைக்காதீங்க. வீட்ல மேடத்துக்குத் தெரியுமா?”

“அவளுக்காகத்தான்.”

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்றாங்க.” பக்கத்து நாற்காலியில் நுரையோடு இருந்தவர் சிரித்துக் கழுத்தை அறுத்துக்கொள்ளப் பார்த்தார்.

ஒரு ஞாயிறன்று காலத்தை மிச்சப்படுத்த எண்ணி இடக்கன்னத்தில் நீலமும் வலக்கன்னத்தில் பச்சையும் பூசச் சொன்னேன். வீட்டுக்குப் போகும் வழியில் தமிழ் மன்றத்தில் ஒரு கூட்டத்துக்குத் தலைமை ஏற்க வேண்டியிருந்ததை மறந்துவிட்டேன். குளிக்காமலே மேடையேறினேன். சிறப்புரையாளர் என் இடப்பக்கம் அமர்ந்தவர், கண்ணில் நீர் வடிய எழுந்து வலப்பக்கம் மாறினார். அங்கே தும்மத் தொடங்கினார். அவர் பேச எடுத்துக்கொண்ட பொருள் செம்மொழியின் தொன்மை. பதினைந்து தும்மலுக்கு ஒரு சான்று வீதம் நிறுவினார். முடிந்ததும் செயலாளர் என்னை ஓரமாக அழைத்துச் சென்று, “ஐயா, ஏதாவது தோல் வியாதிங்களா? நல்ல டாக்டர் இருக்காரு,” என்றார்.

வீட்டில் அவள் இரு கன்னங்களையும் முகர்ந்தாள். நான் வழக்கம்போல வினவினேன்.

“மணம் ஏதேனும் புலப்படுகிறதா?”

“புலப்படல. காதுல சோப்பு நுரை புலப்படுது.”

“வலப்பக்கம்?”

“ரெண்டு பக்கமும் நீங்கதான் புலவரே.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் எழுந்து போய் அடுப்படி வாசலில் சற்று நேரம் நின்றாள், உள்ளே போகவில்லை. புரட்டாசி பிறந்து இரண்டு சனிக்கிழமைகள் போயிருந்தன. இரண்டிலும் பெருமாளுக்குக் கடைச்சரக்கு. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அடுக்ககத்தார் டப்பாவோடு வந்து, டப்பாவோடு திரும்பினர்.

மூன்றாம் சனிக்கு முந்தைய காலை மீண்டும் மஞ்சள் பூசி வந்தேன். இப்போது மணியை விரலாலேயே அழுத்தும் அளவுக்கு நான் சீரழிந்திருந்தேன். அவள் கதவைத் திறந்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். நான் சோஃபாவில் சாய்ந்து நாளிதழை விரித்தேன். அவள் மடித்த போர்வையுடன் என்னைக் கடந்து போனாள். நின்றாள். திரும்பி வந்தாள்.

“எந்திரிங்க.”

“ஏன்?”

“சோஃபாவ விட்டு எந்திரிங்கன்னேன். நாறுது.”

நாளிதழ் என் கையிலிருந்து நழுவிற்று. “என்ன நாறுகிறது? சந்தனமா? சற்று நிதானமாகச் சொல்.”

அவள் என் கழுத்தருகே குனிந்தாள். கன்னத்தை விட்டுவிட்டாள், காதுக்குக் கீழே, பிடரியோரம் முகர்ந்தாள். முகம் சுளித்தது. அதைவிட அழகான சுளிப்பை நான் கண்டதில்லை.

“சந்தனமாவது ஒண்ணாவது! ஈரத் துண்டு. பத்துப் பேர் மூஞ்சி தொடச்சு, வெயில்ல காயாம மடிச்சு வெச்ச துண்டு. அந்தாள் துண்ட மாத்தவே மாட்டானா? ஐயோ, இத்தனை நாளா இந்தக் கண்றாவியோடவா சோஃபாவில உட்கார்ந்தீங்க?”

துபாய்ச் சரக்கு நான்கும் தோற்ற இடத்தில் ஒரு நனைந்த துண்டு வென்றது. அவள் பின்னோக்கி நடந்தாள். நாற்காலி ஒதுங்கிற்று, திரை உயர்ந்தது, குளியலறைக் கதவு திறந்தது. “எதையும் தொடாதீங்க!” நான் எதையும் தொடவில்லை. வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு அழுதேன். குளிக்கும்போது அழுவதில் ஒரு வசதி இருக்கிறது. கதவுக்கு வெளியே அவள் சோஃபா உறைகளை உருவும் ஓசை கேட்டது.

மூக்கு முழுதாக ஒரே நாளில் மீண்டுவிடவில்லை. காப்பி நெடுநாள் அவளுக்கு எரிந்த ரப்பராக இருந்தது. ரோஜா வாரக்கணக்கில் வரவேயில்லை. ஆனால் புளி அன்று மாலையே வந்துவிட்டது. ஜாடியைத் திறந்து, முகத்தை உள்ளே விட்டு, எடுக்க மனமில்லாமல் நின்றாள். மறுநாள் புளிக்காய்ச்சல் கொதிக்கையில் என்னை அடுப்படியிலிருந்து விரட்டினாள். ஆவியின் மேல் குனிந்து கண்ணை மூடினாள். நீண்ட நேரம் எடுத்துக்கொண்டாள்.

“உப்பு ஒரு சிட்டிகை,” என்றாள். குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. போட்டாள். படைத்தாள். கண்டருளிய பெருமாள் எதுவும் சொல்லாதவர் என்பதால் அடுத்து என் கையில் ஓர் உருண்டை வைத்து, முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உப்பு மிகையுமில்லை, குறையுமில்லை,” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அதற்குள் வாசலில் டப்பாக்களின் ஓசை கேட்கத் தொடங்கியது.

இப்போது அந்த மூக்கு முன்னிலும் கொடிதாகிவிட்டது. இழந்ததை மீட்ட அரசன் வரியை ஏற்றுவதைப் போல, வீட்டில் ஒவ்வொன்றையும் முகர்ந்து தீர்ப்பளிக்கிறாள். என்னைக் கொண்டு நான்கு புட்டிகளிலும் ஒரு துளி கைக்குட்டையில் வாங்கிவரச் செய்து முகர்ந்தாள். மஞ்சளும் வெள்ளையும் ஒரே சரக்கு, நிறம்தான் வேறு என்பது அவள் முடிபு. மேலே நான் சந்நிதி என்றும் பன்னீர்ச் செம்பு என்றும் நுணுகி வேறுபடுத்தியதெல்லாம் அவளைப் பொறுத்தவரை வெறும் இலக்கியம். முடிதிருத்துநரைக் கேட்டேன். “மேடம் சொன்னா கரெக்டாத்தான் சார் இருக்கும்,” என்று துண்டை மறைத்தபடி சொன்னார். துண்டு இப்போது புதியது.

எனவே இவற்றைப் பூசிப் பழகிய வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வேறுபாடு உண்டா, இல்லையா? பச்சை உண்மையில் எலுமிச்சைதானா, அல்லது நாரத்தையா? நரம்புகளைப் பற்றி நான் எழுதியதில் மருத்துவர்கள் பிழை காணின் தயங்காமல் திருத்துக. உப்பைப் பற்றி எழுதியதில் மட்டும் திருத்தம் வேண்டாம். நேரில் வந்து திருத்த விரும்புவோர் முடிதிருத்தகத்திலிருந்து நேராக வராதிருப்பது நலம். எங்கள் வீட்டில் கதவைத் திறப்பவள் அவள்தான்.