கிள்ளானுக்குப் போன நண்டுச் சட்டி

நாலு வருடம் ஒருவனுக்குச் சமைத்துப் போட்டேன். கல்யாணம் ஆகவில்லை, ஆகப்போகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வேலை, அவனுக்குக் கிள்ளானில் ஆபீஸ். காலையில் சாலாக் செலாத்தான் வீட்டில் சமைத்து, டிபன் கேரியரை ரயில் ஸ்டேஷனில் அவன் கையில் கொடுப்பேன். சாயங்காலம் காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தருவான். எங்களுக்கு அதுதான் காதல். சினிமா, கடற்கரை என்று சுற்ற நேரம் ஏது? அவன் விரலைச் சூப்பிக்கொண்டு சாப்பிடுவான் என்ற நினைப்பிலேயே மசாலா அரைத்த மனுஷி நான்.

ஒருநாள் சாயங்காலம் திரும்பி வந்த கேரியர் கனத்தது. திறந்தால் மேல்தட்டில் அதிரசம். கடையில் வாங்கியது இல்லை. ஓரம் லேசாகக் கருகி, வீட்டில் சுட்டது போல இருந்தது. நம்மவர் வீட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணும் சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டாள். ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பாள். ஆம்பளைக்கு அது தோன்றாது. இவனுக்கோ திறந்து பார்க்கும் புத்திகூட இல்லை. ஆக, என் சோற்றை எவளோ தின்கிறாள்! ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

அவனோடு அறையில் தங்கியிருந்த சிநேகிதனைப் பிடித்தேன். என்னை அண்ணி என்றுதான் கூப்பிடுவான். மென்று விழுங்கினான்.

“அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க லா. ஆபீஸ்ல ஒரு பொண்ணு. தானே சமைச்சு எடுத்துட்டு வர்றதா அதுக்கிட்ட சொல்லி வச்சிருக்கான். அதுலதான் அந்தப் பொண்ணு விழுந்துடுச்சு.”

அடப்பாவி! இன்னொருத்தியைப் பிடித்ததைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். என் புளிக்குழம்பை, என் ஆட்டிறைச்சிப் பிரட்டலைத் தன் கைப்பக்குவம் என்று சொல்லி அவளுக்குக் கொடுத்திருக்கிறான். முட்டை அவிக்கத் தெரியாதவன்! எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பெண் முன்னாலேயே இவன் குட்டை உடைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்து வாயை மூடிக்கொண்டேன். வழக்கம்போலச் சமைத்தும் கொடுத்தேன், சிரித்த முகத்தோடு.

வாய்ப்பை அவனே கொண்டுவந்தான்.

“ஞாயித்துக்கெழமை கிள்ளான்ல ஆபீஸ் ஃபிரண்டு வீட்ல மக்கான், பெரிய விருந்து. நண்டுப் பிரட்டல் செஞ்சு தர்றியாம்மா? உன் கை ருசி யாருக்கு வரும்!”

சிநேகிதனிடம் விசாரித்தேன். அவள் வீடுதான். அப்பா அம்மா இவனைப் பார்க்க வேண்டுமாம். என் நண்டைக் கொண்டுபோய் மாப்பிள்ளை ஆகப்போகிறான்.

“அதுக்கென்ன, செஞ்சிட்டாப் போச்சு” என்றேன்.

சனிக்கிழமை கடலோரக் காப்பாருக்கே போய் வாங்கினேன். கொடுக்கைக் கயிற்றால் கட்டிய, கொழுத்த, உயிருள்ள நண்டுகள். ஞாயிறு காலையில் பெரிய சட்டியில் ஈரச் சாக்கை விரித்து அவற்றை அப்படியே அடுக்கினேன். மேலே அரைத்த மசாலாப் பொட்டலம் ஒன்று. அதில் என் போன் நம்பரைப் பெரிதாக எழுதினேன். மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டி ஸ்டேஷனில் கொடுத்தேன்.

“வழியில தொறக்காதீங்க, ருசி கெட்டுடும். அங்க போய் எல்லார் முன்னாலயும் தொறங்க.”

தூக்கிப் பார்த்துப் பூரித்துப் போனான். “நீ தங்கம்மா” என்றான். போடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் போன் அடித்தது. பெண்குரல், பின்னால் ஒரே கூச்சல்.

“யாருங்க நீங்க? மசாலாவுல உங்க நம்பர் இருக்கு. நண்டெல்லாம் உயிரோட இருக்கு. அம்மா சமைங்கன்னு சொன்னா இவரு வேர்த்து ஊத்த நிக்கிறாரு.”

“நாலு வருஷமா அவருக்குச் சமைச்சுப் போடுறவ நான். அவரைத்தான் கட்டிக்கப் போறேன்னு இருந்தேன். இதுவரைக்கும் நீ சாப்பிட்டது பூரா என் கைச் சமையல்தான்.”

போனில் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அவளும் ஏமாந்தவள்தான், எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் பொய் சொல்வானேன், அந்தச் சத்தம் காதுக்கு இதமாகவே இருந்தது. என் சோற்றைத் தின்றவள் கொஞ்சம் அழட்டுமே.

கடைசியில் கேட்டாள்: “அக்கா, இதை எப்படிச் சமைக்கிறது? வந்தவங்கள்லாம் பசியோட இருக்காங்க.”

சொல்லிக் கொடுத்தேன். ஓட்டைப் பிரிப்பதிலிருந்து, இறக்கும்போது முருங்கைக்கீரை தூவுவது வரை ஒன்றையும் ஒளிக்கவில்லை. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டாள். எல்லாரும் சாப்பிட்டாயிற்று, சட்டி காலி என்றாள்.

“அவரு சாப்பிட்டாரா?”

“அம்மா அவருக்கு இலை போடலக்கா. எங்க வீட்ல யாரையும் இப்படி அனுப்புனதே இல்ல. எப்படியும் கூப்பிடுவாங்கன்னு கடைசி வரைக்கும் வாசல்லயே நின்னாரு.”

“வாசம் வாசல் வரைக்கும் வந்துச்சா?”

“நல்லா வந்துச்சுக்கா” என்றாள்.