வெள்ளிக்குக் கிடையாது

நொச்சிக்குப்பத்தில் பத்துப் பெண்கள் சேர்ந்து கருவாட்டுத் தொக்கு போடுகிறோம். நான்தான் தலைவி. மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகெல்லாம் கரையில் கிடக்கும், விற்க மீன் இருக்காது. ஒரு பெரிய ஆர்டர் பிடித்துவிட்டால், முன்கூட்டியே காயவைத்த கருவாட்டைக் கொண்டு அந்த நாளிலும் பத்து அடுப்பும் எரியும். எங்கள் தொக்கை வாங்கி விற்கும் அடையாற்றுக் கம்பெனி அதற்காகத்தான் என்னைச் சிங்கப்பூர் கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனது.

ஊர் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. வண்டியே வராத ரோட்டிலும் விளக்கு மாறட்டும் என்று ஜனங்கள் நிற்கிறார்கள். ஓட்டலில் ஜன்னலைத் திறக்க முடியாது. கடலைப் போய்ப் பார்த்தேன். கடல் இருக்கிறது, கவிச்சி இல்லை. மீனே இல்லாத கடலா என்று நினைத்தேன். என்னோடு வந்த கம்பெனிப் பெண், "பாட்டி, தொக்கு பாட்டிலுக்கு மூணு கவர் போட்டுச் சுத்துங்க, லிஃப்ட்ல ஸ்மெல் வருது" என்றாள். சுற்றினேன்.

ஒன்றே ஒன்றுதான் பிடித்தது. ரயில் ஸ்டேஷனில் தமிழில் எழுதியிருந்தது. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். நின்று முழுசாகப் படித்தேன். நம் பாஷை நடக்கிற ஊரில் எனக்கு என்ன பயம் என்று தைரியம் வந்துவிட்டது.

கண்காட்சியில் ஒரு பெரியவர் வந்தார். தமிழர், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடும் அந்த ஊர்க்காரர். மளிகைக் கடைகள் வைத்திருப்பவராம். கம்பெனிப் பெண் அப்போது போனோடு வெளியே போயிருந்தாள். தொக்கை நாக்கில் வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாருக்கு லா! மொத்தமா எடுத்தா எத்தன வெள்ளிக்குக் குடுப்பீங்க?"

வாராவாரம் சரக்குக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை எங்களில் யாரும் கருவாட்டைத் தொடமாட்டோம்.

"வெள்ளிக்கெல்லாம் கெடையாதுங்க."

"என்னம்மா, கடை போட்டுட்டு வெள்ளி வேணாங்குறீங்க?"

"வோணாங்க. எங்க ஆத்தா காலத்துலேந்தே வோணாம். ஆயிரம் பாட்டில் வாங்கினாலும் அதான் பேச்சு."

ஸ்பூனைக் கீழே வைத்தார். "பெரிய ஆளுதான் நீங்க" என்று சிரித்துவிட்டு நடந்தார். எங்கள் கட்டுப்பாட்டை மதித்துச் சொல்கிறார் என்று நிமிர்ந்து நின்றேன்.

திரும்பி வந்த பெண்ணிடம் சொன்னேன். அவள் முகம் செத்துப்போயிற்று. "ஐயோ பாட்டி, இங்க டாலரத்தான் வெள்ளின்னு சொல்வாங்க!"

ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் வேறொரு கடைக்காரரோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார். இவள் விளக்கிச் சொன்னாள். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"எங்க காசு வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொன்னாங்க. நான் இங்க பேசி முடிச்சிட்டேன் லா."

பாஸ்போர்ட்டுக்கு எங்கே நிற்க வேண்டும், கவர் எத்தனை போட வேண்டும், எல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ஊரில் காசுக்கு என்ன பேர் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அந்த மனிதராவது இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கம்பெனிப் பெண் போனில், "லாங்வேஜ் ப்ராப்ளம் சார், அடுத்த தடவ இங்கிலீஷ் தெரிஞ்சவங்கள அழைச்சிட்டு வரலாம்" என்றாள். நானும் அந்தப் பெரியவரும் பேசியதில் இங்கிலீஷ் எங்கே இருந்தது?

குப்பத்துக்கு வந்து நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். "இன்னாக்கா, இம்மாந் தூரம் ஏரோப்ளேன்ல போய் கெழம சொல்லிட்டு வந்துகீற!" எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

தடைக்காலம் வந்தது. எங்களில் நாலு பேர் மயிலாப்பூர் அபார்ட்மெண்டுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போனார்கள். தினமும் என் வாசல் வழியாகத்தான் போவார்கள். முன்பெல்லாம் தலைவி என்று கூப்பிட்டுப் பேசிவிட்டுப் போனவர்கள், என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டு போனார்கள்.