மாவு மூட்டைப் பாவாடை

எங்கள் வீட்டில் ஒரு பொருள் தீர்ந்துவிட்டது என்று அம்மா ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "தீரலை, இன்னும் கொஞ்சம் கெடக்கு" என்பாள். அந்தக் கொஞ்சம் எங்கே கிடக்கிறது என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

தாராவியில், பத்து அறைகள் வரிசையாக நிற்கும் ஒரு சாலில் ஐந்தாவது அறை எங்களுடையது. அப்பா மாட்டுங்கா பக்கம் ஒரு பட்டறையில் ஃபிட்டர். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்தது. அரிசிக்கு ரேஷன், மண்ணெண்ணெய்க்கு ரேஷன், துணிக்குக் கன்ட்ரோல். பம்பாயே திண்டாடியது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அம்மாவுக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரிந்ததாக எனக்கு ஞாபகமில்லை. சர்க்கார் அப்போதுதான் படிக்க ஆரம்பித்த வித்தையை, அவள் கல்யாணமாகி ரயிலைவிட்டு இறங்கிய நாளிலிருந்தே செய்துகொண்டிருந்தாள்.

தீக்குச்சியைப் பிளேடால் நெடுக்கப் பிளந்து இரண்டாக்குவாள். தேய்ந்த சோப்புத் துண்டுகளை ஈரத்தோடு அமுக்கி ஒரே கட்டியாக்குவாள். அடுப்புக்கரித் தூளைச் சாணியோடு பிசைந்து உருண்டை பிடித்து, சாலின் பின்சுவரில் காயவைப்பாள். வடித்த கஞ்சியில் பாதி எங்களுக்கு, மீதி அப்பாவின் சட்டைக்கு. "உங்கம்ம நெருப்பக்கூட மடிச்சு டிரங்குப் பொட்டியில வச்சிருவா" என்று அப்பா சொல்வார். சொல்லிவிட்டு, அரைத் தீக்குச்சியில் பீடி பற்றவைக்க விரலைச் சுட்டுக்கொண்டு உதறுவார்.

இப்படிப்பட்ட அம்மா எனக்குப் பாவாடை தைத்தால் எப்படி இருக்கும்? கன்ட்ரோல் துணியில் கருநீலத்தில் ஒரு பாவாடை தைத்தாள். கீழ்ப்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து டக்கு. டக்கு என்றால், துணியைச் சுற்றிலும் ஒரு மடிப்பு மடித்து நூலோட்டி வைப்பது. பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடையும் கூடவே வளரும். எல்லா வீட்டிலும் ஒன்று வைப்பார்கள், மிஞ்சினால் இரண்டு. ஐந்து டக்கோடு நான் நடந்தால் கால்களில் மணல் மூட்டை கட்டிவிட்ட மாதிரி இருக்கும். நான் உட்கார்ந்த பிறகும் பாவாடை கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும்.

அந்தப் பாவாடை புதிதாக இருந்தபோதுதான் அத்தை முதல் தடவை பம்பாய்க்கு வந்தாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் நின்றும் உட்கார்ந்தும் வந்திருந்தாலும், ஓலைப்பெட்டிக் கருப்பட்டியை ஒரு சில்லு உடையாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். அவள் சிரித்தால் ஒன்றாவது அறையிலிருந்து பத்தாவது அறைவரைக்கும் கேட்கும். எனக்கு அவளைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

"ஏலே தம்பி, எம் மருமவளுக்கு என்ன வயசு ஆவுது?" என்று கேட்டாள்.

அப்பா யோசித்தார். அம்மாவைப் பார்த்தார். "இவ பொறக்கையில இந்தச் சாலுக்குக் கூரை போட்டிருக்கலை யக்கா. அம்புட்டுத்தான் தெரியும்."

"வயசு கெடக்கட்டும், போ." அத்தை என் பாவாடையைத் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு மடிப்பாக விரலை வைத்து எண்ணினாள். "அஞ்சு டக்கு இருக்கு. கடைசி டக்கு இறங்குத அன்னைக்குப் படிப்ப நிப்பாட்டிப்புட்டு எம் மவனுக்குக் கட்டிக் குடுத்திரணும். சரிதானலே?"

அப்பாவின் வாயில் கருப்பட்டி. "சரி யக்கா" என்றார்.

அப்பா சொன்ன சொல் மாறமாட்டார் என்று சால் முழுக்கப் பேர். அதனாலேயே அவர் அதிகம் பேசுவதில்லை. அன்றைக்குக் கருப்பட்டி பேசவைத்துவிட்டது. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. இருந்தாலும் ஊதிக்கொண்டே இருந்தாள்.

எனக்கோ ஒரே சந்தோஷம். கல்யாணம் என்றால் பட்டுப்பாவாடை, தினமும் கருப்பட்டி, அத்தையின் சிரிப்பு. அத்தை மகனைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கிணற்றில் தலைகீழாகக் குதிப்பானாம். அது எனக்குப் போதுமானதாக இருந்தது.

அத்தை ஊருக்குப் போனாள். நான் வளர்ந்தேன். வளர்ந்தேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. ரேஷன் கோதுமையையும் கம்பையும் தின்று எல்லாப் பிள்ளைகளும் வற்றிப்போய்க் கிடக்க, நான் மட்டும் முருங்கைக்கொப்பு மாதிரி விசுக்கென்று போனேன். முதல் டக்கு ஆறு மாதத்தில் இறங்கியது. அடுத்தது அடுத்த மழைக்கு முன்னால். மடிப்புக்குள் வெயில் படாமல் இருந்த துணி வேறு நிறம். வெளுத்த பாவாடையில் கருநீலப் பட்டையாக ஒவ்வொரு டக்கும் தான் இருந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது. "இந்தத் தவிட்டு ரொட்டியா பிள்ளைக்கு இப்படி ஒட்டுது?" என்று அம்மா கவலைப்பட்டாள். பிள்ளை வளர்கிறதே என்று கவலைப்பட்ட தாயை நான் அங்கேதான் பார்த்தேன்.

மூன்றாவது தடவை கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தெரிந்தபோது, டக்கைப் பிரிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அம்மா பிரிக்கவில்லை. பேக்கரிக்காரரிடம் ஒரு காலி மைதா மூட்டை கேட்டு வாங்கி வந்தாள். சோடா போட்டு மூன்று தடவை வேகவைத்து வெளுத்தாள். அதிலிருந்து ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை கிழித்து, பாவாடையின் மேல்பக்கம் இடுப்போடு சேர்த்துத் தைத்தாள். பாவாடை நீளமாகிவிட்டது. கீழே மூன்று டக்கும் அப்படியே இருந்தன.

சாக்கில் அடித்திருந்த சிவப்பு எழுத்து மட்டும் எத்தனை வேகவைத்தும் போகவில்லை. சட்டையை இழுத்துவிட்டால் மறைந்துவிடும் என்றாள். சட்டையும் எனக்குக் குட்டையாகிவிட்டது என்பதை இரண்டு பேரும் மறந்துவிட்டோம். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் நான் கையைத் தூக்கி வாத்தியாருக்குப் பதில் சொன்னால், பின்பெஞ்சு முழுக்க என் இடுப்பைப் படித்தது. அன்றிலிருந்து என் பேர் மாவு மூட்டை.

"எம்மா, கீழ மூணு டக்கு சும்மாதான கெடக்கு? அதப் பிரிச்சு விட்டா என்ன?"

"அது நாளைக்கு."

"நாளைக்கு எப்ப வரும்?"

"வரும்போது சொல்லுதேன். இப்பப் போய்ச் சிலேட்டத் தொடச்சு வையி."

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என் சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு "நல்லாருக்கு" என்பாள். ஆனால் இலேசான காய்ச்சல் என்றுகூட என்னை வீட்டில் நிறுத்தமாட்டாள். இந்த விஷயத்தில் மட்டும் அவளுக்குச் சிக்கனம் கிடையாது.

அத்தை வருவதாகக் கார்டு வந்தது. அதை நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு என் பாவாடையைப் பார்த்தாள். எனக்கு அவமானமாக இருந்தது. அத்தைக்கு முன்னால் மாவு மூட்டையாகவா போய் நிற்பது?

அத்தை வருகிற அன்று, அப்பா தாதர் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். விருந்தாளி வந்தால் போதாதே என்று அம்மா பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடை வரிசைக்குப் போனாள். நான் மட்டும் தனியாக இருந்தேன். என் கணக்கு இதுதான். மேலே ஒரு சாண் சாக்கு. கீழே மூன்று டக்கையும் பிரித்தால் ஏறக்குறைய ஒரு சாண் நல்ல துணி. டக்கைப் பிரித்துவிட்டு, சாக்கை எடுத்துவிட்டால் நீளம் அதே நீளம், மானமும் மிச்சம். அம்மாவுக்கு இது ஏன் தோன்றவில்லை? மிச்சம்பிடித்து மிச்சம்பிடித்து அவளுக்குக் கண்ணே தெரியாமல் போய்விட்டது என்று நினைத்தேன்.

ஊசிமுனையால் நூலை நெம்பி, மூன்று டக்கையும் பிரித்து முடித்தேன். சாக்கில் கை வைக்கப் போகும்போது வெளியே சிரிப்பு கேட்டது. அவசரமாகப் பாவாடையைக் கட்டிக்கொண்டேன்.

"வாட்டி எம் மருமவளே!" அத்தை என்னை வாரி அணைத்தாள். பிறகு கையை நீட்டி என்னை எட்ட நிறுத்திப் பார்த்தாள். கண் கீழே இறங்கியது. "ஏலே தம்பி! ஒரு டக்கக்கூடக் காணலியே!"

அப்பா அப்போதுதான் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது எனக்கு வெட்கப்படுவதாகத் தெரிந்தது.

"சொன்ன சொல்லு ஞாவகம் இருக்கா?"

"இருக்கு யக்கா." அத்தையின் ஓலைப்பெட்டியைக் கீழே இறக்கிவைத்தார். "சொன்னது சொன்னதுதான்."

"அப்ப திரும்பும்போது என்கூடவே கூட்டிட்டுப் போயிருதேன். முகூர்த்தம் தைக்கு வச்சுக்கிடலாம்."

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். ரேஷன் பை தோளில் இருந்து இறங்கி முழங்கையில் தொங்கியது. என்னைத் திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திட்டவில்லை.

"வாங்க மயினி" என்றாள். பையை மெதுவாகக் கீழே வைத்தாள். "ஏட்டி, என்ன பாத்துட்டு நிக்க? அத்தைக்குத் தண்ணி கொண்டா."

செம்பைத் தூக்கிக்கொண்டு இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடி பாவாடையின் மேல் விழுந்தது. நான் ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம். தண்ணீர் அத்தையின் ஓலைப்பெட்டி வரைக்கும் போனது. எழுந்தபோது மறுபடியும் பாவாடையையே மிதித்து உட்கார்ந்தேன். அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து அறை மராட்டிக்காரம்மா ஓடிவந்து எட்டிப்பார்த்தாள்.

"பாத்தீயளா மயினி" என்றாள் அம்மா, நனைந்த தரையைத் துடைத்துக்கொண்டே. "டக்கு இறங்கியிருக்கு, வாஸ்தவம். பிள்ள அந்த உயரத்துக்கு வந்திருக்காளான்னு நீங்களே பாருங்க. ஒரு சாண் தரையில இழுவுது. ஆசையில அவசரப்பட்டுப் பிரிச்சிருக்கா, கழுத. பாவாட வளந்திருக்கு, இவ வளரலியே?"

அத்தை சிரிப்பை நிறுத்தி என்னைப் பார்த்தாள். போன தடவை அவள் தோளுக்குக் கீழே நின்ற நான் இப்போது காது வரைக்கும் நின்றேன். "இங்க வா" என்று இழுத்து, என் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டப் போனாள். அவள் விரல்கள் சட்டைக்குக் கீழே சாக்கில் பட்டு நின்றன. தடவிப் பார்த்தாள். சட்டையை ஒரு விரலால் தூக்கி, சிவப்பு எழுத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். நூல் காதில் நுழையாமல் நுழையாமல் தள்ளிப்போனது.

"என்ன படிக்க?" என்று அத்தை என்னிடம் கேட்டாள்.

"நாலாவது."

"எழுதத் தெரியுமா? என் பேரெல்லாம் எழுதுவியா?"

எழுதிக் காட்டினேன். அத்தை சிலேட்டை வாங்கி, அம்மாவைப் போலவே தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையிலிருந்த ஊசியை வாங்கி ஒரே குத்தில் நூலைக் கோத்தாள்.

"கழத்திக் குடுட்டி பாவாடைய" என்றாள் என்னிடம். பிறகு அம்மாவிடம் திரும்பினாள். "இழுபடாம நிக்கணும்னா மூணு டக்கு வேணும், தாயி. நீ ரெண்டு விரல் வைப்பே. நான் தாராளமா மூணு விரல் வைக்கேன்."

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப நான் சொன்ன சொல்லு யக்கா?"

"உன் சொல்லு அங்கனயேதான் இருக்கு. டக்கு இறங்கட்டும், வாரேன்."

இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாகத் தைத்துக்கொண்டே வந்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள், மிளகாய் விலையைப் பற்றிப் பேசினார்கள். நான் அப்பாவின் துண்டைச் சுற்றிக்கொண்டு மூலையில் விம்மிக்கொண்டிருந்தேன். என் பக்கம் இருப்பாள் என்று நினைத்த அத்தையும் அம்மாவோடு சேர்ந்துவிட்டாள். கல்யாணமும் போயிற்று; சாக்கும் போகவில்லை. அன்றைக்கு அத்தை கொடுத்த கருப்பட்டியை நான் தொடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தொட்டேன்.

ஏழாவது வரை படித்தேன். அதற்குள் அத்தை மகனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் சாமான் மடித்து வந்த காகிதங்களில்தான். ஆனால் நான் சொல்ல வந்தது மறுநாள் காலையைப் பற்றி.

மறுநாள் காலையில் அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட வந்தாள். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. குழாயில் தண்ணீர் வருகிற நேரம். வரிசையில் நின்ற குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். வழியில் டக்கைப் பிரித்துவிடுவேன் என்று காவலுக்கு வருகிறாள் என நினைத்து, நான் அவளோடு பேசாமல் நாலடி முன்னால் நடந்தேன்.

மணி அடித்த பிறகும் அவள் போகவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றாள். வாத்தியார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். என் பேர் வந்ததும் எழுந்து "உள்ளேன் ஐயா" என்றேன். ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "மாவு மூட்டைக்கு அம்மா வந்திருக்கு" என்று பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்.

எனக்கு மானம் போயிற்று. "போ, போ" என்று கையைக் காட்டி அவளை விரட்டினேன்.