ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு

திருப்புலிவனத்துச் சிட்டம்மாளுக்குப் பக்கத்து வீட்டில் போய் நெருப்புக் கங்கு கேட்பது வெட்கக்கேடாக இருந்தது. பின்னே? சொந்த வீட்டில் ஓர் அடுப்பு திகுதிகுவென்று எரியும்போது, கொட்டாங்கச்சியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வாசலில் நிற்பவளை ஊர் என்ன சொல்லும்?

எரிகிற அடுப்பு அம்முலுவுடையது. எல்லப்பனின் மூத்த தாரத்து மகள், பதின்மூன்று வயது. தாய் செத்து ஒரு வருஷத்தில் எல்லப்பன் சிட்டம்மாளைக் கட்டிக்கொண்டான். அவளும் தாலியறுத்தவள்தான், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாகப் பிள்ளைகளோடு மானாம்பதியிலிருந்து வந்தாள். வந்த அன்றைக்கே அம்முலு தன் தாய் போட்ட அடுப்பைப் பிடித்துக்கொண்டாள். தனக்கும் தம்பிக்கும் தனியாகக் கூழ் காய்ச்சினாள். சிட்டம்மாள் வாசல் பக்கம் மூன்று கல்லை அடுப்பாக வைத்துக்கொண்டாள், அதற்குக் கங்கு பக்கத்து வீட்டிலிருந்துதான். எல்லப்பனோ இந்தச் சட்டியில் பாதி, அந்தச் சட்டியில் பாதி குடித்துவிட்டு ஏரோட்டப் போய்விடுவான். அந்த மனுஷன் வாயில் என்ன கொழுக்கட்டையா? "போவப் போவ சரியாப் பூடும்மே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. இரண்டு வருஷம் போயிற்று. என்னத்தைச் சரியாயிற்று?

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை அறுப்பு முடிந்த கையோடு, உத்திரமேரூர் டெண்ட் கொட்டாய்க்கு ஒரு இந்திப் படம் வந்தது. அங்கே டிக்கெட் கிழிக்கிற சுப்பிரமணி, கங்கு கொடுக்கிற அந்தப் பக்கத்து வீட்டுக்காரன்தான், கதையைச் சொன்னான்.

"உங்க வூட்டுக் கதைதான்க்கா. அவனுக்கு மூணு புள்ள, அவளுக்கு மூணு புள்ள, ரெண்டு பேரும் கட்டிக்கிறாங்க. ஒரே ரகளை, சிரிப்பு. கடசீல எல்லாப் புள்ளைங்களும் ஒரே தட்டுல துன்னுதுங்க. காஞ்சிபுரத்துல பார்த்துட்டேன்."

ஒரே தட்டு. சிட்டம்மாளுக்கு அது போதும். அடம்பிடித்து எல்லோரையும் கிளப்பினாள்.

கொட்டாயில் ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம், நடுவில் மண்சுவர். அம்முலு வேறு வழியில்லாமல் சிட்டம்மாளோடு மணலில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒருவழியாக ஆறு பிள்ளைகளும் ஒரே தட்டில் கைவைத்தன. சிட்டம்மாள் ஓரக்கண்ணால் அம்முலுவைப் பார்த்தாள். அந்த முகமும் கொஞ்சம் இளகித்தான் இருந்தது. அப்பாடா என்று எழப்போனாள். படம் நின்றால்தானே! அதே பிள்ளைகள் மறுபடி அடித்துக்கொண்டன, தட்டை வீசின, மூத்த பெண் துணிமூட்டையோடு வீட்டைவிட்டே போனாள். விளக்கைப் போட்டுவிட்டார்கள். புரிகிற பாஷையாக இருந்தால் இதென்ன முடிவு என்று யாராவது கேட்டிருப்பார்கள். சனம் மணலைத் தட்டிக்கொண்டு போயிற்று.

மறுநாள் காலையில் கங்குக்குப் போனபோது சுப்பிரமணி தலையைச் சொறிந்தான். "கடசி ரீலை ஆபரேட்டரு முன்னாடியே ஓட்டிட்டான்க்கா. ஒருத்தருக்கும் தெரியல."

சிட்டம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரியாகத்தான் இருக்கிறது. கங்குகூட வாங்காமல் வீட்டுக்குத் திரும்பி அம்முலு எதிரில் நின்றாள்.

"நேத்து பார்த்தது முடிவு இல்லடி. ரீலை மாத்திட்டானாம். சண்டை முன்னாடி, ஒண்ணாத் துன்னதுதான் கடசீல."

அம்முலு அடுப்பை ஊதிக்கொண்டே பேசினாள். "எது கடசீல வந்தா இன்னா? அந்தப் பொண்ணு அவங்கம்மாவ நெனச்சி ஒரு தபா கூட அழல."

"அது சிரிப்புப் படம்டி."

"தெரியும். நீ மட்டும் இன்னா, எங்கம்மா பேரு இன்னான்னு ஒரு தபா கேட்டுக்கிறியா?"

ஊரில் எல்லோரும் அந்தத் தாயை 'செத்தவ' என்பார்கள். சிட்டம்மாளும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த அடுப்பை இடி, இடி என்று எல்லப்பனிடம் எத்தனை நாள் மல்லுக்கு நின்றிருப்பாள்! அதைப் போட்டவள் யார் என்று கேட்கத் தோன்றவில்லையே. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. குந்தி உட்கார்ந்து கொட்டாங்கச்சியை நீட்டினாள்.

"பேரு இன்னா?"

அம்முலு ஒரு கங்கை அதில் தள்ளினாள்.

"ஆதிலட்சுமி."