லெஸ்டரை உட்கார வைத்த ஜாக்கெட்

என் புருஷன் லெஸ்டருக்கு உட்காரத் தெரியாது. சிலருக்கு நீச்சல் வராது, சிலருக்குப் பாட்டு வராது, இவனுக்கு உட்கார வராது. எங்கள் கல்யாணத்தன்று பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போதே சர்ச் கதவு கிறீச்சிடுகிறது என்று எழுந்துபோய் எண்ணெய் தேடியவன். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு சக்கர நாற்காலியைக் கவிழ்த்துப்போட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தான், குழந்தையைக் காட்ட வந்த நர்ஸ், "குழந்தையோட அப்பா எங்கப்பா?" என்று அவனிடமே கேட்டாளாம். சாப்பாடு நின்றுகொண்டு. டீ நடந்துகொண்டு. எங்கள் ஊர் மர்ச்சிசனைச் சுற்றியுள்ள மண் ரோடுகளைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டியை ரிட்டயர் ஆகும்வரை ஓட்டினான். அந்த ஸீட்டில் மட்டும் நாள் முழுக்க இருப்பான், ஏனென்றால் அது நகரும்.

இப்படிப்பட்டவனுக்கு மான் வேட்டைப் பைத்தியம் வேறு. மான் வேட்டை என்றால் என்ன? பாதி நேரம் ஏறுவது, மீதி நேரம் குளிரில் அசையாமல் உட்கார்ந்திருப்பது. இளம் வயதில் ஏறியே சமாளித்துவிட்டான். அறுபதைத் தாண்டியதும் உடம்பில் சூடு நிற்கவில்லை. பழைய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு மரத்தடியில் குந்துவான், கொஞ்ச நேரத்தில் முழங்கால் நடுங்கும், எழுந்து நடப்பான். நடந்தால் சூடு வரும், மான் போய்விடும். மூன்று சீசனாக எங்கள் வீட்டுக் குளிர் அறையில் ஆட்டுக்கறிதான் தொங்கியது.

மான் போனால் போகட்டும். விஷயம் அதுவல்ல.

உலகத்தின் இந்தத் தென்கோடியில் ஏப்ரல் என்றால் குளிர் தொடங்கும் மாதம், கலைமான்கள் உறுமும் காலம். வேட்டைக்காரர்களும் குழாயை வாயில் வைத்து அதே மாதிரி உறுமுவார்கள். தன் இடத்தில் இன்னொருவன் வந்துவிட்டான் என்று கலைமான் ரோஷத்தோடு தேடி வரும். கேட்க நன்றாயிருக்கிறது அல்லவா? ஒரே காட்டில் இரண்டு மனிதர்கள் உறுமினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அப்படிச் செத்தவர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அதனால்தான் லெஸ்டருக்கும் அவன் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் நெவிலுக்கும் ஒரு சத்தியம் இருந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். குறித்த இடத்தில் உட்கார வேண்டும். மதியம்வரை நகரக் கூடாது.

போன ஏப்ரலில் லெஸ்டர் நகர்ந்தான். குளிர் தாங்காமல் ஓடைக் கரைவரை நடந்திருக்கிறான். நெவில் துப்பாக்கியின் தொலைநோக்கியில் ஒரு பழுப்பு முதுகைப் பார்த்து விரலை மடக்கப் போனவன், அந்த முதுகு குனிந்து ஷூ கயிற்றைக் கட்டியதும் நிறுத்தியிருக்கிறான்.

அன்று சாயங்காலம் நெவில் எங்கள் சமையலறைக்கு வந்தான். மர அறுவை மில்லில் வேலை பார்த்து ஒரு காது மந்தமான ஆள், சாதாரணமாகவே சத்தமாகப் பேசுவான். அன்று கிசுகிசுத்தான்.

"தெல்மா, இவன்கூட இனிமே நான் வரமாட்டேன். ஒரு எடத்துல உக்காரத் துப்பில்லாதவனுக்குக் காடு எதுக்கு? என் கையால இவனுக்குச் சாவு வரணுமா?"

"குளிருச்சுடா," என்றான் லெஸ்டர், ஜன்னலோரம் உலாத்திக்கொண்டே.

"குளிருச்சுன்னா ஒழுங்கா ஒரு ஜாக்கெட் வாங்கித் தொலை. மதியம் வரைக்கும் அசையாம உக்காந்து காட்டு. அப்பறம் பேசலாம்."

நெவில் இல்லாமல் லெஸ்டர் காட்டுக்குப் போனதே கிடையாது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் வீட்டுக்குள் நடந்த நடையில் கார்ப்பெட் தேய்ந்தது. எனக்கோ வேறு கவலை. நெவில் வராவிட்டால் இந்த மனுஷன் தனியாகப் போவான். தனியாகப் போனால், அவன் எங்கே உட்கார்ந்திருப்பான் என்று தெரியாத எவனோ ஒருவன் எதிரில் வருவான். நெவிலாவது ஷூ கயிறு கட்டும்வரை பொறுத்தான்.

ஆக, ஜாக்கெட். எங்கள் மகள் கிறிஸ்மஸுக்குக் கொடுத்த ஒன்று அலமாரியில் கிடந்தது. வாத்தின் மென் இறகு அடைத்தது, கையில் எடுத்தால் எடையே தெரியாது. லெஸ்டர் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போய் உட்கார்ந்தான் தெரியுமா? கறி தொங்கவிடும் குளிர் அறையில். வெங்காயம் எடுக்கக் கொட்டகைக்குப் போன நான் அங்கிருந்த அந்த அறையின் கதவைத் திறந்தால், உரித்த ஆட்டுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஒரு ஆள்! ஐயோ என்று கத்திவிட்டேன்.

"கதவைச் சாத்து, குளிர் வெளிய போகுது," என்றான்.

"உனக்கென்ன கிறுக்கா? அந்த ஆடு செத்துப்போயிதான் உள்ள தொங்குது. உனக்கு என்ன கேடு?"

"சூடா இருக்கு தெல்மா! உள்ள அடுப்பு வச்ச மாதிரி இருக்கு!"

அன்று குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டான். நெவிலுக்கு ஃபோன் போட்டுச் சொன்னான். நெவில் ஒரே வார்த்தைதான் கேட்டான்: "மழை?" எங்கள் பள்ளத்தாக்கில் மழை கேட்காமல் ஒரு காரியமும் கிடையாது. லெஸ்டர் ஜாக்கெட்டோடு தோட்டத்தில் நின்று, ஹோஸ் பைப்பைத் தன் மேலேயே திருப்பிக்கொண்டான். இறகெல்லாம் உருண்டு கட்டியாகிக் கீழே இறங்கிவிட்டது. மறுபடி குளிர் அறைக்குள் போனவன், நான் கெட்டிலை அடுப்பில் வைப்பதற்குள் பல் தந்தியடிக்க வெளியே ஓடி வந்தான். வாத்து உயிரோடு இருக்கும்வரைதான் அதன் இறகு நனையாது போலிருக்கிறது.

நெல்சன் டவுனுக்குப் போனோம். வேட்டைச் சாமான் கடையில் ஜோசி என்று ஒரு பெண், பொறுமைசாலி. இவனுக்குப் பொறுமையாக எடுத்துக் காட்டியவர்கள் எல்லோருக்கும் சொர்க்கம் நிச்சயம். முதலில் எடுத்ததைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் வைப்பது மாதிரி கையைத் தூக்கினான். அக்குளில் சரசரவென்று சத்தம்.

"சிப்ஸ் பாக்கெட்டப் போட்டுக்கிட்டா காட்டுக்குப் போவாங்க? அடுத்த மலையில இருக்கற மானுக்கே கேக்கும்."

அடுத்தது கனம். அதற்கடுத்ததில் கழுத்துப் பட்டை தாடையில் இடித்தது. கடையை எத்தனை முறை சுற்றினானோ. நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள், அதை என்னிடம் தள்ளிவிட்டான். கடைசியில் ஜோசி ஒன்றை எடுத்து வந்தாள். உள்ளே செயற்கைப் பஞ்சு, வெளியே தடவினால் பீச் பழத் தோல் மாதிரி மெத்தென்ற துணி. கையைத் தூக்கினான், இறக்கினான், குனிந்தான். சத்தமே இல்லை.

"இறகு அளவுக்கு லேசா இருக்காது," என்றாள் ஜோசி. "ஆனா நனைஞ்சாலும் சூடு விடாது. ஒண்ணே ஒண்ணு. ஏறும்போது போட்டுக்காதீங்க. வேர்த்துப் போனா அந்த ஈரமே உங்கள நடுங்க வச்சிடும். பைல வச்சுக்கிட்டுப் போயி, உக்காந்த உடனே, குளிர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க."

"நான் பொறக்கும்போதே மலைதான்," என்று முறைத்தான் லெஸ்டர். ஆனால் கேட்டுக்கொண்டான், எனக்குத் தெரியும்.

பிறகு நிறம். பழுப்பு ஒன்று, பளீரென்ற ஆரஞ்சு ஒன்று. என் கை நேராக ஆரஞ்சுக்குப் போனது.

"அதெல்லாம் முடியாது. ஆயுசு பூரா ஆரஞ்சு அங்கி மாட்டிக்கிட்டு ரோட்டுல நின்னாச்சு. காட்டுலயும் ரோடு போடற ஆள் மாதிரி நிக்கணுமா?"

"மானுக்கு ஆரஞ்சு நிறம் தெரியாதுன்னு நீதான சொல்லுவ?"

"மானுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே! நெவில் சிரிப்பானே!"

"சிரிக்கட்டும். உன்னப் பாத்துச் சிரிக்கறவன் உன்னச் சுடமாட்டான். பழுப்பு வாங்கிப் பாரு, நானும் உன்கூடக் காட்டுக்கு வந்து, மான் வர்றப்பெல்லாம் பக்கத்து வீட்டுக் கதையெல்லாம் சொல்லுவேன்."

ஜோசி சிரிப்பை அடக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆரஞ்சுதான் வாங்கினோம்.

இந்த ஏப்ரலில் நெவில் ஒரு நிபந்தனையோடு வந்தான். ஜாக்கெட் சரி, கூடவே தெல்மாவும் வர வேண்டும், இவன் எழுந்தால் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்க வேண்டும். இந்த வயதில் எனக்கு இதெல்லாம் தேவையா? புலம்பிக்கொண்டே ஃபிளாஸ்க்கில் டீயை ஊற்றினேன்.

விடியற்காலையில் ஓடையருகே பிரிந்தோம். புல்லெல்லாம் உறைபனி. நெவில் அந்தக் கரையில் தன் பழைய பழுப்புக் கம்பளியில் ஏறிப்போனான், திரும்பிப் பார்த்து, "மதியம்!" என்று விரலை ஆட்டி மிரட்டிவிட்டு. நாங்கள் இந்தக் கரையில் ஏறினோம். லெஸ்டர் மெல்லிய சட்டையோடு ஏறி, விழுந்து கிடந்த ஒரு பெரிய மரத்துக்குப் பின்னால் குந்தியதும், மூச்சு அடங்குவதற்குள் ஜாக்கெட்டை எடுத்துப் போட்டு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். பிறகு என் பழைய வேக்யூம் கிளீனரின் குழாயை வாயில் வைத்து ஒரு உறுமல். எனக்கே புல்லரித்தது.

உட்கார்ந்தான். நான் அவன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது ஆடவில்லை. டீ கொடுத்தேன், உட்கார்ந்தபடியே குடித்தான். மேகம் இறங்கித் தூறல் விழுந்தது. எனக்கு விரல் மரத்தது, அவன் அப்படியே இருந்தான். அவ்வப்போது உறுமினான், அவசரமில்லாமல், ஒரே இடத்திலிருந்து. நாற்பது வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், அந்த மனுஷனை அன்றுதான் முதல்முறையாகப் பக்கவாட்டில் நிதானமாகப் பார்த்தேன். காதில் முடி முளைத்திருந்தது.

அப்போது பதில் உறுமல் வந்தது.

கீழேயிருந்து, கனமாக, அடித்தொண்டையில். லெஸ்டர் என் கையைத் தொட்டான். அவன் உறும, அது உறும, ஒவ்வொரு தடவையும் இன்னும் கிட்டத்தில். சுள்ளி முறிந்தது. செடிகளுக்கிடையே பழுப்பாக ஒரு தோள் தெரிந்தது. லெஸ்டர் துப்பாக்கியை மரத்தின் மேல் சாய்த்துப் பாதுகாப்புப் பூட்டை விடுவித்தான். அந்தச் சின்ன 'க்ளிக்' எனக்குக் கேட்டது. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்தேன்.

அது நின்றது. லெஸ்டரும் காத்தான். காத்தான். ஜாக்கெட்டின் நெஞ்சுப் பகுதி சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் அவன் எதற்குமே காத்ததில்லை.

பிறகு அந்தப் பழுப்பு உருவம் கையை உயர்த்தி மூக்கைத் துடைத்தது.

"நெவில்!" என்று லெஸ்டர் கத்திய கத்தலில் பறவைகள் எழுந்தன.

நெவில் நின்ற இடத்திலேயே மடங்கி உட்கார்ந்தான். அவன் துப்பாக்கியும் எங்களை நோக்கித்தான் இருந்தது. அவனுடையதும் பூட்டு விடுவித்துத்தான் இருந்தது. மரத்துக்கு மேலே ஆரஞ்சு தலைகாட்டிய பிறகுதான் அவனுக்கு விளங்கியது. நான் மரத்தைத் தாண்டிக் குதித்து ஓடி, அவன் தோளில் படார் படாரென்று அடித்தேன்.

"பாவி! ஓடையத் தாண்டக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினது யாரு? எங்க ரெண்டு பேரையும் கொன்னுட்டுப் போயிருப்பியே!"

அவன் அடியைத் தடுக்கவேயில்லை. "இந்நேரம் இவன் எந்திரிச்சு மேட்டுக்குப் போயிருப்பான்னு நெனச்சேன், தெல்மா. சத்தம் காலையிலேர்ந்து ஒரே எடத்துலேர்ந்து வந்துச்சு. ஒரே எடத்துல இருக்கறது லெஸ்டரா இருக்கவே முடியாதுன்னு..." வாயைப் பொத்திக்கொண்டான்.

லெஸ்டரை அவ்வளவு நன்றாகத் தெரிந்தவன் என்பதால்தான் சுட வந்திருக்கிறான். நான் ஈரத்தில் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

லெஸ்டர் மெதுவாக இறங்கி வந்தான். இரண்டு துப்பாக்கிகளிலிருந்தும் குண்டுகளை எடுத்துப் பையில் போட்டான்.

"நான்னு எப்படிடா கண்டுபிடிச்ச?" என்று கேட்டான் நெவில். "எதப் பாத்து நிறுத்தின?"

"நிறுத்தல," என்றான் லெஸ்டர். "குளிரல, அவசரமில்ல. நீ இன்னும் ஒரு எட்டு வெளிய வரட்டும்னு பாத்துக்கிட்டிருந்தேன். நடுங்கிக்கிட்டு இருந்திருந்தா அப்பவே முடிச்சிருப்பேன்."

"தொப்பி தெரியலையா? மூஞ்சி தெரியலையா?"

லெஸ்டர் ஜாக்கெட்டின் ஜிப்பைப் பாதிவரை இறக்கினான்.

"கொம்பு தெரிஞ்சுது, நெவில். பக்கத்துக்கு அஞ்சாறு கிளை. அப்படியே நல்லா விரிஞ்சு. உன் தலை மேல சத்தியமா பாத்தேன்."

நெவில் தன் தலையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, இவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்பது மாதிரி என்னைப் பார்த்தான்.

பைனாகுலர் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கொம்பை நானும் பார்த்திருந்தேன்.