துங்கபத்திரைக்கு எங்கே பம்பு?

நான் முதன்முதலில் பார்த்த படம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தது. சுவர் என்று சொல்வது மரியாதைக்கு. தங்கவயலுக்கு மின்சாரம் வருவதற்கு முந்தைய காலம் அது, கூலி லைனில் எல்லாம் மூங்கில் தட்டி வீடுகள். அப்பாவுக்குச் சுரங்கத்துக்குள் சர்வே துரைக்கு அளவுச் சங்கிலி பிடிக்கிற வேலை. ஆபீசில் பழசாகிப்போன சுரங்க வரைபடங்களைக் கேட்டு வாங்கிவந்து, காற்று புகாமலிருக்கத் தட்டியில் ஒட்டிவைப்பார். அவரிடம் கேட்டு வாங்கி, எங்கள் லைனில் பாதி வீடுகளில் ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் படத்தில் உச்சியில் ஒரு கோடு, அது தரை. அதிலிருந்து நேராகக் கீழே இறங்கும் இரட்டைக் கோடு ஷாஃப்ட், ஆட்கள் இறங்குகிற குழி. அதன் இருபுறமும் குறுக்கே ஓடும் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு லெவல், தங்கம் வெட்டுகிற அடுக்கு. அடியில் நீலம் பூசியிருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். படத்தில் கீழே போகப் போக ஆழம். இதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பசி போல அதுவாகவே தெரிந்திருந்தது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது பள்ளிக்கூடத்துக்கு இந்தியாப் படம் வந்தது. நீளமான தகரக் குழாயில் சுருட்டி, மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. வாத்தியார் வேலூர்ப் பக்கத்து இளைஞர், பொறுமை கொஞ்சம் குறைவு. அன்றைக்கு மட்டும் குழந்தையைத் தூக்குவது போல அதைத் தூக்கிவந்து ஆணியில் மாட்டினார். கோலாருக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்து, "இதான் நம்ம ஊரு" என்றார். நாங்கள் மூச்சுவிடவில்லை. பச்சை, மஞ்சள், பழுப்பு, அதற்குள் மயிரிழை மயிரிழையாக ஆறுகள். எனக்கு அவை பாறைக்குள் ஓடும் தங்க ரேகை மாதிரியே தெரிந்தன. மேலே வடக்கு, கீழே தெற்கு என்று அவர் சொல்ல, நாங்கள் கூரை பறக்கக் கத்தினோம்.

அந்த வருஷம்தான் என் அண்ணன் ஒரு கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போயிருந்தான். இலங்கையை எங்கள் ஜனங்கள் அப்படித்தான் சொல்வார்கள். போய் ஐந்து மாதம் ஆகியும் கடுதாசி இல்லை. அம்மா தபால்காரரைத் தூரத்தில் கண்டாலே வாசலுக்கு வந்து நிற்பாள். எனக்கோ வாய் நீளம். "அண்ணன் இருக்கிற ஊரு எங்க பள்ளிக்கூடத்துப் படத்துல கீதும்மா" என்று பெருமையடித்துக்கொண்டேன். மறுநாளே அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். பாடம் முடிந்து வாத்தியார் வெளியே போயிருந்தார்.

நான் பெரிய மனுஷி மாதிரி பிரம்பை எடுத்து, எட்டத் தேவையே இல்லாமல் குனிந்து, படத்தின் அடிப்பகுதியைத் தொட்டேன். "இதாம்மா கண்டி."

"இவ்ளோ கீழயா?"

"ஆமாம்மா. அல்லாத்துக்கும் கீழ."

"சுத்தி இன்னாடி நீலமா கீது?"

"தண்ணி."

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு சுரங்கத்தின் அடி லெவலில் தண்ணீர் ஏறி, எங்கள் லைனிலிருந்து இறங்கிய இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அடியில் இருக்கும் நீலம் என்னவென்று அம்மாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்தான். ஆனால் பிரம்பு கையில் இருந்த பெருமையில், அவள் முகத்தைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

அன்று முதல் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. "போயி புள்ளைய மேல கூட்டிக்கினு வாங்க" என்று அப்பாவை நச்சரித்தாள். அப்பா படத்தைப் பார்த்தவர் இல்லை. அம்மா சொன்னதைக் கேட்டு அவரும் பயந்துபோனார். அண்ணன் கப்பலில்தானே போனான் என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். கப்பல் என்பது சுரங்கத்தில் ஆள் இறக்கும் கூண்டு, நம் கேஜ் மாதிரி ஏதோ ஒன்று, ஆட்களை ஏற்றிக் கீழே இறக்கிவிடும் போல என்று முடிவுகட்டிக்கொண்டேன். என் புத்தியை இன்று நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒருநாள் ஆறுகள் பாடம். ஆறு பிறக்கும் இடத்தில் பிரம்பை வைத்து, அது போய்ச் சேரும் இடம்வரை இழுத்துக்கொண்டே ஒப்பிக்க வேண்டும். எனக்குத் துங்கபத்திரை விழுந்தது. மேற்கே மலையில் பிறந்து, வடகிழக்காக ஓடி, கிருஷ்ணாவில் கலக்கிறது. வாய் ஒப்பித்துக்கொண்டே போக, பிரம்பு நடுவழியில் நின்றுவிட்டது. நான் அதை மேல்நோக்கி இழுத்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீர் மேலே ஏறுமா? எங்கள் ஊரில் ஒரு வாளித் தண்ணீர் மேலே வர வேண்டுமென்றாலும் நீராவி எஞ்சின் வேண்டும்.

"ஐயா, இந்த ஆத்துக்கு எங்க பம்பு வச்சிக்கீறாங்க?" என்று கேட்டேன்.

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே வகுப்பைத் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பதிலுக்காகக் காத்திருந்தோம். பின்வரிசையில் ஒருத்தன் எழுந்து, "எத்தினாவது லெவல்ல ஐயா?" என்று கேட்டான்.

அவர் சிரிப்பு நின்றது. எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். இத்தனை நாளாக நாங்கள் அந்தப் படத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும். படத்தை ஆணியிலிருந்து கழற்றினார். நாங்கள் உட்கார்ந்திருந்த பாயைச் சுருட்டச் சொல்லி, சாணி மெழுகிய தரையில் படத்தை விரித்தார்.

"சூரியன் எந்தப் பக்கம் வருது?"

கை காட்டினோம். படத்தின் கிழக்கு அந்தப் பக்கம் இருக்கும்படி திருப்பிவைத்தார்.

"இது சுரங்கத்துப் படம் இல்ல. நிக்கிற படம் இல்ல இது, படுத்த படம். இந்தத் தரை எப்படிக் கீதோ, தேசம் அப்படிக் கீது. இதுல மேல, கீழ ஒண்ணும் கெடையாது."

அதுவரை ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொங்கிக்கொண்டிருந்த ஊர்களெல்லாம் ஒரே நொடியில் படுத்துவிட்டன. இமயமலை எங்கள் தலைமேல் உட்கார்ந்திருக்கவில்லை, அதோ அந்தப் பக்கம் வெகுதூரத்தில் இருந்தது. வாசலுக்கு ஓடிப்போய்த் தெற்கே பார்த்தேன். மணல்மேட்டைத் தாண்டி, புதர்க்காட்டைத் தாண்டி, தரை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. உலகம் இவ்வளவு பெரியதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பயமாகவும் இருந்தது, கத்த வேண்டும் போல சந்தோஷமாகவும் இருந்தது. இதே தரையில்தான் அண்ணன் நிற்கிறான். நடுவில் கொஞ்சம் கடல், அவ்வளவுதான். அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடினேன்.

அம்மாவை இழுத்துவந்தபோது படம் தரையிலேயே இருந்தது. எழுத்து இருக்கும் காகிதத்தைக் காலால் மிதிக்க அம்மாவுக்கு மனம் வராது. படத்தின் ஓரமாகவே சுற்றிப்போய், தெற்கு முனையில் உட்கார்ந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். பிறகு இலங்கையின் மேல் உள்ளங்கையை வைத்து, எடுத்து, கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஈரம் இல்ல" என்றாள். அன்று ராத்திரி இரண்டு உருண்டை களி தின்றாள்.

ஒரு மாதம் கழித்துக் கடுதாசி வந்தது. அண்ணன் யாரையோ வைத்து எழுதியிருந்தான். நான்தான் படித்தேன். இங்கே குளிர் தாங்கவில்லை, கம்பளி கொடுத்திருக்கிறார்கள், காலையில் எழுந்து பார்த்தால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கிறது என்று இருந்தது. அம்மா நம்பவில்லை. கடுதாசியை வாத்தியாரிடம் எடுத்துக்கொண்டு போனோம்.

"நெஜம்தாம்மா" என்றார் அவர். "அது மலைத் தோட்டம். நம்ம ஊரைவிட ஒசரம்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடப்பாவி, நம்ம அல்லாரையும்விட மேல கீறான்!" அன்றிலிருந்து தரையிலேயே விரித்துவைத்திருந்த படத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இலங்கை என்ற அந்தப் பச்சைத் துணுக்கைத் தடவிக்கொடுத்தாள். அவ்வளவு உயரத்தில் இருப்பவனை அவ்வளவு ஆழத்தில் தேடினோமே என்று நானும் சிரித்தேன்.

பிறகு அவள் விரல் மெல்ல வடக்கே நகர்ந்து, சிவப்புப் புள்ளியில் வந்து நின்றது.

"இது நாம தானே?"

"ஆமாம்மா."

"உங்க அப்பா எங்கடி?"

அப்பா காலை ஷிப்டுக்குச் சுரங்கத்துக்குள் இறங்கியிருந்தார். "அதே புள்ளிதாம்மா" என்றேன். வாத்தியாரைப் பார்த்தேன். அவரும் தலையாட்டினார்.

அம்மா கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு கையாலும் படத்தின் ஓரத்தைத் தூக்கி, குனிந்து அடியில் பார்த்தாள். வெறும் தரைதான் இருந்தது.